ஈயம் ஓடுமா, நடக்குமா

"ஏ பொண்ணு, நீயே சொல்லு. ஈயம் ஓடுமா, நடக்குமா?"

போன இலையுதிர் காலத்தில், துப்பாக்கி சுடுமிடத்துக் கொட்டகையில், எல்லாரும் காதுமூடியைக் கழற்றிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டெல்மர் தூன் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அம்மாவைத் தவிர யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பது ஸ்டில்மன் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்வேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். அம்மா ஓட்டுவதோ பள்ளிப் பேருந்து. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறவள், சொந்த மகளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

"அவள விடுய்யா" என்றாள் அம்மா.

"எப்பிடி விடறது ஆர்டிஸ்? உன் துப்பாக்கிக் குண்டோட படத்த வரைஞ்சவளே அவதானே? குண்டுக்கு அழகா மூக்கு வெச்சவ, தனக்கு ஒரு வாய் வெச்சுக்க மறந்துட்டா போல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குமே சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

டெல்மர் கெட்டவர் இல்லை. அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். மூன்று பேர் பேச வேண்டியதை ஒருத்தராகப் பேசிவிடுவார். எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் நல்ல மைக்ரோமீட்டர் அவரிடம்தான் இருந்தது. எதையாவது அளக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் போவோம். ஈயத்தைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கை. வீட்டில் உருக்கி வார்த்த குண்டு மெதுவாகப் போகும்வரை நல்ல பிள்ளை. வேகமாக விரட்டினால் திக்குக்கு ஒன்றாகச் சிதறிவிடும். வேகம் வேண்டுமென்றால் கடையில் விற்கும், செம்புச் சட்டை போட்ட குண்டுதான் சரி. "ஈயம் நடக்கத்தான் லாயக்கு. ஓடாது."

அம்மாவுக்கு ஓட வைக்க வேண்டும் என்று ஆசை. சங்கத்தில் கோடையில் ஒரு போட்டி நடக்கும். சொந்தமாக வார்த்த குண்டுதான் சுட வேண்டும், ஆனால் கடைக் குண்டின் வேகத்தில் அது போக வேண்டும். அதில் அம்மாவின் பழைய ராணுவ ரைஃபிள் ஒருமுறைகூட மானத்தோடு திரும்பியதில்லை.

எனக்குச் சங்கம் கூடும் சனிக்கிழமைகள் போதும். சுடுமிடத்தில் எல்லாரும் காதை மூடியிருப்பார்கள். தலையசைப்பும் கைஜாடையும்தான் பேச்சு. உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில் நான் மற்றவர்களைப் போலவே இருந்தேன். அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவள் சுடுவாள், நான் தொலைநோக்கியில் பார்த்து, ஓட்டை விழுந்த இடத்தை விரலால் காட்டுவேன். அவ்வளவு நேரம் நாங்கள் ஒட்டி உட்கார்ந்திருப்பது வேறெங்கும் கிடையாது.

குண்டை வரைவதற்குப் பனிதான் எனக்கு வழி சொன்னது. இலக்கு அட்டைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் பட்ட குண்டு நசுங்கிப்போகும். குளிர்காலத்தில் பனிக் குவியலுக்குள் போன குண்டோ ஒரு சிராய்ப்பும் இல்லாமல் முழுசாகக் கிடக்கும். வசந்தத்தில் பனி உருகும்போது அப்படிக் கிடந்தவற்றைப் பொறுக்கிக் காபி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் கொட்டிப் பார்த்தால், முக்கால்வாசிக் குண்டுகளுக்கு மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. காரணம் லேசாகப் புரிந்தது. மூக்கு நீளம், ஒல்லி. குழலுக்குள் எதன்மேலும் சாயாமல் அந்தரத்தில் நிற்கிறது. வெடிமருந்து வெடித்துப் பின்னாலிருந்து திடீரென்று உதைக்கும்போது ஈயம் துவண்டுவிடுகிறது. மெதுவாக உதைத்தால் தாங்கும். வேகமாக உதைத்தால் தாங்காது.

அதனால் நான் வரைந்த குண்டுக்கு மூக்கு குட்டை. குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய திருகு தடங்களுக்கு நடுவே நிற்கும் வரப்புகளின்மேல் படிந்து உட்காரும் அளவுக்குக் கொழுத்த மூக்கு. தோள்பட்டை அகலம். வழுக்கிப்போக மெழுகு வைக்க ஒரே ஒரு பள்ளம். வாலில் ஒரு சின்னச் செம்புக் குல்லா, நெருப்பு நேரடியாக ஈயத்தைத் தொடாமலிருக்க. மளிகைக் கடைப் பழுப்புப் பையைக் கிழித்து அதில்தான் வரைந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "வாத்துக்குஞ்சு மாதிரி இருக்குடி" என்றாள். ஆனாலும் ஐடஹோவில் இருக்கும், குண்டு வார்க்கும் அச்சு செய்பவருக்கு அதை அனுப்பி வைத்தாள். அவர் போனில் கேட்டது ஒன்றுதான். குழலின் உள்ளளவு என்ன?

அம்மா ரைஃபிளைத் திருப்பி, அதன் மரக் கட்டையின் அடியில் ஒட்டியிருந்த காகித டேப்பைப் படித்துச் சொன்னாள். ரைஃபிள் வாங்கிய புதிதில் டெல்மர் அளந்து, தன் கையால் எழுதி ஒட்டிய எண் அது. எங்கள் வீட்டில் அதுதான் வேதவாக்கு.

புது வருடம் பிறந்த பிறகு அச்சு வந்தது. மருந்தைக் குறைத்து மெதுவாகச் சுட்டால் குண்டுகள் அட்டையில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. வேகத்தைக் கூட்டினால் கோழிக்குத் தீனி வீசிய மாதிரி அட்டை முழுக்கச் சிதறின. குழலுக்குள் ஈயம் அப்பிக்கொண்டது. கம்பித் தூரிகையால் தேய்த்தால் சாம்பல் நிறச் சுருள்களாக வந்து விழும். ஈயத்தைக் கடினமாக்கிப் பார்த்தோம், மெழுகை மாற்றினோம், மருந்தை மாற்றினோம். குளிர்காலம் அதிலேயே போயிற்று.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அம்மா காதுமூடியைக் கழற்றி மேசைமேல் போட்டாள். "போதும்."

"அந்த ரைஃபிள நான் எடுத்துக்கறேன்" என்றார் டெல்மர். "என் மருமகனுக்கு மான் வேட்டைக்கு ஆகும். செம்புச் சட்டக் குண்டு போட்டா உன் ரைஃபிள் ஒழுங்கா நடந்துக்கும். உன் வீட்டு ஃபிரீசர் செத்துப்போச்சுல்ல? என்கிட்ட ஒரு பெட்டி ஃபிரீசர் சும்மா கெடக்கு, புதுசு மாதிரி. மாத்திக்கலாமா?"

அம்மா கை நீட்டினாள். அவரும் நீட்டினார். எங்கள் பக்கத்தில் கை குலுக்கிவிட்டால் முடிந்தது. பிறகு அதில் பேச்சே கிடையாது. அடுத்த வார ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் ஃபிரீசரோடு வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இனிமே சனிக்கிழம சனிக்கிழம அங்க போய் ஒக்காந்திருக்க வேணாம். ரைஃபிள் போன மறுநாள், திங்கக்கிழமலேர்ந்து நீ பெவ் கடைக்கு வேலைக்குப் போற. நான் பேசிட்டேன். காபி ஊத்தணும், 'என்ன வேணும்'னு கேக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு அது 'அவ்வளவுதான்' இல்லை. பெவ்வின் உணவகத்தில் காலையில் ஊரே உட்கார்ந்திருக்கும். டெல்மரும் இருப்பார்.

அந்த வாரம் மலைப்பக்கமிருந்து வெதுவெதுப்பான சினூக் காற்று அடித்தது. பனி கண்ணெதிரே கரைந்தது. எங்கள் வேலியைத் தாண்டினால் சுடுமிடம். வியாழக்கிழமை மண்மேட்டுக்கு நடந்துபோனேன். சேற்றுத் தண்ணீரில் நான் வரைந்த குண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பாவாடையில் துடைத்துப் பார்த்தேன்.

மூக்கு நேராக இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் நேர். எல்லாமே நேர்.

குளிர்காலம் முழுக்க நான் வரைந்த மூக்கைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். அது வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கெட்டது தோள்பட்டை. குழலின் தடங்கள் அதில் மேலோட்டமாகத்தான் பதிந்திருந்தன. தடத்தை ஒட்டி, சூட்டுக் கம்பியால் இழுத்த மாதிரி உருகிய கோடுகள். குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருந்திருக்கிறது. அந்த வழியாக நெருப்பு முந்திக்கொண்டு ஓடி, ஈயத்தின் தோலை உரித்திருக்கிறது. அப்படியானால் குண்டு ஒல்லி. ஆனால் டேப்பில் இருக்கும் எண்ணைவிடக் கொஞ்சம் தடியாகத்தானே அச்சு செய்திருக்கிறார்கள்?

நகத்தை வைத்துத் தடங்களைத் தடவி எண்ணினேன். ஒருசுற்று வந்ததும் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் எண்ணினேன். ஐந்து.

மற்றக் குழல்களில் நாலு தடம் இருக்கும், ஆறு இருக்கும். எங்கள் சங்கத்தில் வேறு யாருடைய ரைஃபிளிலும் ஐந்து கிடையாது. அதனால் யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுக் கொட்டகைக் கதவில் அம்மா மாட்டிய தகர நட்சத்திரம் கண்ணில் பட்டது. ஐந்து முனை. மேலே ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே முனை இல்லை, உள்வாங்கிய மூலைதான் இருந்தது. அதன் உயரத்தை அளக்க வேண்டும் என்று மேலும் கீழும் கட்டையை வைத்துப் பிடித்தால் என்ன கிடைக்கும்? ஒருபக்கம் முனை, மறுபக்கம் பள்ளம். உண்மையான அளவைவிடக் குறைச்சலாகத்தான் கிடைக்கும். மைக்ரோமீட்டருக்கும் இரண்டே தாடைதான். டெல்மர் குழலுக்குள் ஈயத்தைத் தள்ளி எடுத்து அளந்தபோது ஒரு தாடை மேட்டிலும் ஒரு தாடை பள்ளத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றை எடுத்து எண்ணெய் தடவி, மரக்குச்சி வைத்துத் தட்டித் தட்டிக் குழலின் முழு நீளமும் தள்ளி எடுத்தேன். வார்த்த குண்டுகளைச் சரியான தடிமனுக்குக் கொண்டுவர எங்களிடம் ஓர் எஃகு வளையம் இருந்தது. டெல்மரின் எண்ணைவிட மயிரிழை பெரிதாகக் கடைந்தது. டேப்பில் இருக்கும் எண் சரி என்றால், குழலிலிருந்து வந்த துண்டு அந்த வளையத்துக்குள் தானாக விழுந்து போக வேண்டும்.

விழவில்லை. வாயிலேயே நின்றது.

சாயங்காலம் அம்மா பேருந்தை வாசலில் நிறுத்தி இறங்குவதற்குள் ஓடிப்போய் இரண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னடி இது? குழல்லேர்ந்து தள்ளினதா?"

தலையாட்டினேன்.

"இது நம்ம வளையம்தானே?"

தலையாட்டினேன். அவள் கட்டைவிரலால் அழுத்தினாள். பேருந்தின் பம்பரில் வைத்து உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். "போகலையே. ஏண்டி, போகலையேடி!"

"அஞ்சு" என்றேன்.

"என்ன அஞ்சு?"

கொட்டகைக் கதவைக் காட்டினேன். நட்சத்திரத்தைப் பார்த்தாள், கையிலிருந்த துண்டைப் பார்த்தாள், நகத்தால் சுற்றி எண்ணினாள். பிறகு பேருந்துப் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அடப்பாவி டெல்மரு! இத்தன வருஷமா ஈயத்துக்குச் சின்னப்புள்ள சட்டைய மாட்டிவிட்டுட்டு ஓடு ஓடுன்னு வெரட்டிருக்கோமேடி."

சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா கை குடுத்துட்டேனே."

"சொல்லாம இருந்துட்டா?" என்றேன்.

"அவருக்கு இத சொல்லாமயா? தெரிஞ்சுகிட்டே மறைச்சா, அப்புறம் நான் எதுக்குக் கை குடுத்தேன்? அவர் முன்னாடியே சுட்டுப் பாத்துருவோம்."

"நல்லாச் சுட்டா அவருக்கு இன்னும் ஆச வருமேம்மா."

"வரும்தான்" என்றாள் அம்மா. "வரட்டும். எனக்கு இது ஓடுறத ஒருதடவ பாத்தாப் போதும்."

எனக்குப் போதாது. ஆனால் வேலை இருந்தது. புது அச்சுக்கு நேரமில்லை. அச்சின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே அலுமினியத் தாள் டேப்பை ஒட்டினேன். அச்சு முழுசாக மூடாமல் மயிரிழை திறந்து நிற்கும். குண்டு அந்த அளவுக்குக் கொழுக்கும். வளையத்தையும் பெரிதாக்க வேண்டும். குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி டிரில்லில் மாட்டி உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். குழலின் துண்டு சிரமமில்லாமல் வழுக்கிப் போனதும் நிறுத்தினேன்.

டயர் கடையிலிருந்து வாங்கி வந்த, சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் ஈயத்துண்டுகளை அம்மா பிளேயரால் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து, பல் இறங்காத துத்தநாகத்தைத் தூக்கி எறிந்தாள். ஒன்று கலந்தாலும் சட்டியெல்லாம் கஞ்சியாகிவிடும். அவள் கரண்டியால் ஊற்றினாள், நான் அச்சைத் திறந்து வாளித் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் பட்ட ஈயம் உடனே கடினமாகாது. ஓரிரு நாளில்தான் இறுகும். இறுகிய பிறகு வளையத்தில் தள்ளினால் தோல் மறுபடி மென்மையாகிவிடும் என்பதால் சூட்டோடு சூடாக எல்லாவற்றையும் தள்ளி, செம்புக் குல்லா மாட்டி, தேன்மெழுகு பூசி வைத்தோம். அம்மா அன்று சமைக்கவில்லை. நின்றுகொண்டே பிஸ்கட்டும் காய்ந்த மான் இறைச்சியும் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சுடுமிடத்தில் காத்திருக்க, டெல்மரின் பிக்கப் வண்டி வந்தது. பின்னால் வெள்ளைப் பெட்டி ஃபிரீசர் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"என் இடுப்பு போச்சு ஆர்டிஸ்! இதுக்குள்ள ஒரு முழு மாடு படுத்துக்கலாம். கொண்டா ரைஃபிள."

"கொஞ்சம் சுட்டுட்டுத் தரேன். வா, ஒக்காரு."

"வழியனுப்பு விழாவா? நடத்து, நடத்து. அட்ட பெருசா வெச்சிருக்கியா? இல்லேன்னா உன் குண்டு பக்கத்து மாவட்டத்துல போய் விழும், நாளைக்கி ஷெரிப் வந்து நிப்பாரு."

மூன்று பேரும் காதுமூடி மாட்டிக்கொண்டோம். அம்மா தோட்டாவை வைத்து அடைப்பை மூடினாள். கடைசிக் கால் அங்குலத்தில் அவள் கட்டைவிரல் கொஞ்சம் அழுத்துவதைப் பார்த்தேன். குண்டின் மூக்கு வரப்பைத் தொட்டுவிட்டது. இந்த முறை இடைவெளி இல்லை.

சுட்டாள். வேகம் காட்டும் கருவியில் கடைக் குண்டின் வேகம் ஒளிர்ந்தது. டெல்மர் குனிந்து பார்த்து, கருவியை விரலால் தட்டினார். மறுபடியும் சுட்டாள். மறுபடியும் தட்டினார். தொலைநோக்கியில் நான் முதல் ஓட்டையைப் பார்த்தேன். பிறகு இரண்டாவது எங்கே என்று தேடினேன். முதல் ஓட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலை ஒட்டி வைத்து அம்மாவுக்குக் காட்டினேன்.

சுட்டு முடித்ததும் சேற்றில் நடந்து அட்டைக்குப் போனோம். ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. மற்றவற்றைக் கோழிமுட்டையால் மூடிவிடலாம்.

"அந்த ஒண்ணு நான்தான்" என்றாள் அம்மா, காதுமூடியைக் கழற்றிக்கொண்டே. "குண்டு இல்ல."

டெல்மர் விரலை எச்சிலில் தொட்டு ஓட்டையின் விளிம்பைத் தேய்த்தார். விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது. ஈயம். அம்மா பையிலிருந்து ஈயத்துண்டையும், அவர் எண்ணுக்குச் செய்த வேறொரு பழைய வளையத்தையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அழுத்தினார். நின்றது. கண்ணருகே கொண்டுபோய் நகத்தால் மெல்லச் சுற்றினார். ஐந்தாவது தடத்தில் நகம் நின்றது.

"ஓடும்" என்றேன் நான்.

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியாது. அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். டெல்மருக்குக் கேட்டதா என்று சொல்ல முடியாது. அவர் காதுமூடியை இன்னும் கழற்றவில்லை.

சுடுமிடத்துக் கொட்டகைக்குத் திரும்பினோம். அம்மா ரைஃபிளை எடுத்து, குழலைத் துணியால் ஒருமுறை துடைத்து, அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கை குடுத்தது குடுத்ததுதான் டெல்மர். இது உன்னுது. ஃபிரீசர வீட்டுல எறக்கிக் குடு."

நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ரைஃபிளைக் கையில் எடுத்தார். திருப்பினார். கட்டையின் அடியில் தன் கையெழுத்தில் இருந்த அந்த டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். பழைய பசை, பாதியில் கிழிந்தது. மிச்சத்தையும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். உருட்டிச் சின்ன உருண்டையாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரைஃபிளை மறுபடி மேசைமேல், பிடி அம்மா பக்கமாக இருக்கும்படி வைத்தார். ஈயத்துண்டை மட்டும் என் முன்னால் நகர்த்தினார்.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு வண்டிக்கு நடந்தார். நான் ஈயத்துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஃபிரீசரைக் கட்டிய கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருதடவை இழுத்துப் பார்த்தார். வண்டியில் ஏறினார். காதுமூடி இன்னும் தலையிலேயே இருந்தது. வேலியோரம் திரும்பும்போது, எங்கள் ஊரில் வழியில் எதிர்ப்படுகிற எல்லாருக்கும் செய்கிற மாதிரி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். வெள்ளைப் பெட்டி பின்னால் ஆடிக்கொண்டே போயிற்று.